அப்பாவின் லேண்ட்லைன் எண்

மதியச் சாப்பாட்டின்போது மேலாளர் குணசீலன் சிரித்தார். "உங்க 2கே கிட்ஸுக்கு அம்மா நம்பர்கூட மனப்பாடமாத் தெரியாது."

புதிதாக வேலைக்குச் சேர்ந்த மகிழினி ஓர் ஆறு இலக்க எண்ணைத் தடுமாறாமல் சொன்னாள்.

"யாரோடது?"

"எங்க பழைய வீட்டு லேண்ட்லைன் சார். ஸ்கூல் விட்டதும் காயின் பூத்திலேருந்து அடிப்பேன். அப்பா யாருன்னு கேக்கவே மாட்டார். 'சொல்லும்மா'ம்பார்."

அவள் அப்பா இறந்து பன்னிரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. குணசீலன் தன் பழைய வீட்டு எண்ணை யோசித்துப் பார்த்தார். மூன்று இலக்கங்களுக்கு மேல் நினைவுக்கு வரவில்லை.

"இப்ப அடிச்சா?"

"வேற ஒரு அம்மா எடுக்கறாங்க சார். அப்பா பொறந்தநாளுக்கு மட்டும் அடிச்சு, ராங் நம்பர்னு வச்சிடுவேன்." மகிழினி குனிந்துகொண்டாள். "இந்தத் தடவை அவங்க, 'ஒரு வருஷமாச்சே, நல்லாயிருக்கியா?'ன்னு கேட்டாங்க."