பிபினின் சராசரி

"எலே அஜீஷ்! இங்க வா!"

செங்கல் ஊர் மைதானத்து ஓரத்தில் வேனை நிறுத்தும்போதே வேலாயுதன் கத்தினார். பாறசாலைச் சந்தையில் வாழைக்குலை மொத்த வியாபாரம். பேரத்தில் அவரை ஜெயித்துவிட்டுப் போனவர் இதுவரை கிடையாது. மகன் விஷயத்தில் விடுவாரா?

டீமின் கோச் அஜீஷ் ஸ்டம்புகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். "வாங்கண்ணே."

"வாறது இருக்கட்டும். ஜில்லா கேம்ப்புக்கு நம்ம டீமுல ஒரே ஒரு ஆளுதான் போக முடியும். அதுக்கு அந்த பிபினா? என் மகன் அகிலேஷுக்கு சராசரி நாப்பத்தொண்ணு. அவனுக்கு எவ்வளவு?"

"பதினாறு."

"சொல்ல வெக்கம் உண்டாலே உனக்கு? அவன் உன் சித்தப்பன் மகனாக்கும். அதானே விஷயம்?"

அஜீஷ் சிரித்தான். வேலாயுதனுக்கு உச்சந்தலை வரை சூடேறியது.

"நம்பரை மட்டும் பாத்தா எப்படிண்ணே? சச்சினா, லாராவான்னு இப்பவும் டீக்கடையில சண்டை நடக்கல்லியா?"

"என்ன சண்டை? டெஸ்ட்ல சச்சினுக்கு அம்பத்து மூணு புள்ளி ஏழு எட்டு. லாராவுக்கு அம்பத்து ரெண்டு புள்ளி எட்டு எட்டு. சச்சின்தான் மேல. தீந்துது வழக்கு."

"சங்ககாராவுக்கு அம்பத்தேழு புள்ளி நாலு. அப்போ அவரு சச்சினுக்கும் மேலயா?"

வேலாயுதன் கையை வீசினார்.

"அது... அது வேற விஷயம்லே!"

"நானும் அதைத்தான் சொல்லுதேன்."

"பேச்சை மாத்தாதே! பிபின் எப்படி அவுட்டாவான்னு எனக்குத் தெரியாதா? முக்காலும் ரன் அவுட்டு! ஓடத் தெரியாதவன் கேம்ப்புல போய் என்ன செய்வான், பந்து பொறுக்கவா?"

அஜீஷின் சிரிப்பு நின்றது.

"அண்ணே, நான் எழுதினது அகிலேஷ் பேருதான். அதை மாத்தச் சொன்னது உங்க மகனாக்கும்."

வேலாயுதன் திரும்பினார். பேட்டும் பையுமாக அகிலேஷ் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தான்.

"எலே, இவன் சொல்லுதது நேராலே, உண்மைதானா?"

"ஆமாப்பா."

"உனக்குக் கிறுக்கா? மழையிலயும் வெயிலிலயும் கெடந்து அடிச்சுப் படிச்சியே, எல்லாம் இதுக்கா? கையில வந்ததைத் தூக்கி அவனுக்குக் கொடுக்கதுக்கு அவன் யாருலே, பிராட்மேனா?"

"நான் அடுத்த வருஷம் போவேன்ப்பா. கண்டிப்பா போவேன். இந்த வருஷம் அவன்தான் போணும்."

"அதான் ஏன்னு கேக்கேன்!"

அகிலேஷ் பையைத் தரையில் வைத்தான். அப்பாவின் கண்ணை நேராகப் பார்த்தான்.

"நாங்க ரெண்டு பேரும் சேந்து ஆடும்போது, இல்லாத ரன்னுக்குக் கூப்பிடுதது நானாக்கும். கூப்பிட்டுட்டு, நடுவழியில பயந்துபோய் நிக்கதும் நான்தான். அவன் தன் கோட்டுக்குள்ள சும்மா நின்னாப் போதும், நான் அவுட்டு. நிக்க மாட்டான்ப்பா. என்னையும் தாண்டி, பந்து வாற பக்கமாப் பாத்து ஓடிருவான். ஒவ்வொரு தடவையும் அவுட்டு அவனுக்கு, சராசரி எனக்கு."