புலி, ஆடு, புல்லுக்கட்டு

ஆறு கம்பெனிகள் கையை விரித்துவிட்டன. மென்பொருள் வேலைக்கு அவன் ஏறிய ஏழாவது படி இது.

மேலாளர் கேட்டார்: "புலி, ஆடு, புல்லுக்கட்டு. படகுல ஒண்ணைத்தான் ஏத்தலாம். ஆட்டைப் புலியோடயும் தனியா விடக்கூடாது, புல்லோடயும் விடக்கூடாது. எப்படி அக்கரை சேர்ப்பீங்க?"

அவன் விரல்விட்டு எண்ணிச் சொன்னான்: "முதல்ல ஆடு சார். அடுத்து புலியை அக்கரையில விட்டுட்டு, ஆட்டைத் திருப்பிக் கூட்டிட்டு வரணும். அப்புறம் புல்லு. கடைசியா மறுபடியும் ஆடு!"

மேலாளர் வரிவிடாமல் எழுதிக்கொண்டார். "நாளைக்கே சேந்துடுங்க!"

"என் மூளையைச் சோதிக்கத்தானே சார் கேட்டீங்க?"

"அட, நீங்க வேற! இன்னிக்கு வீடு மாறுறோம். இருக்கிறது ஒரே ஸ்கூட்டர்" என்றவர் போனை எடுத்தார்.

"அம்மா, கிளம்புங்க. முதல்ல நீங்கதான். உங்க மருமகளும் அவ அம்மாவும் அப்புறம்தான்... ஆனா நடுவுல ஒருதடவை நீங்க திரும்பி வரணும்!"