துணி காயும் பக்கம்

"ஐரோப்பாப் பயணத்துக்கு டோரீன் வேண்டாம். இன்னைக்கே சொல்லிடப் போறேன்" என்றாள் ரோவெனா.

ஆஸ்திரேலியாவின் தென்கோடியில், ஹோபார்ட் நகர நூலகத்தின் பின்னறையில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொண்டிருந்த ஆலிஸ்டர் நிமிர்ந்தார்.

"அவ பாவம், ரோவெனா. அறுபத்தெட்டு வயசுல முதல் பாஸ்போர்ட். போன வாரம் ரொட்டிக் கடையில நின்னு எல்லார்கிட்டயும் காட்டிக்கிட்டு இருந்தா."

"பாஸ்போர்ட் இருந்தாப் போதுமா? கழுதைக்கு எதுக்குக் கற்பூரம்?"

ரோவெனா நாற்பது ஆண்டுகள் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை கற்பித்தவள். ஐரோப்பாவின் எந்தக் கோபுரத்தையும் கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் வரைந்துவிடுவாள். கண்ணைத் திறந்து ஒன்றையேனும் நேரில் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம். அதை யாரும் கேட்டதில்லை, அவளாகச் சொன்னதுமில்லை.

சுற்றுலா நிறுவனங்கள் என்றாலே அவளுக்கு இளக்காரம்.

"ஆட்டு மந்தை மாதிரி இறக்கி விடுவாங்க. இதுகளும் நிழல்ல கெடக்கிற சுவரைப் படம் புடிச்சு, ஆஹா ஓஹோன்னு வீட்டுக்குக் கொண்டு வரும்."

ஆகவே தானே திட்டம் போட்டாள். நான்கு பேர், ஆறு நகரங்கள், இருபத்துமூன்று நாட்கள். எந்தக் கட்டடத்தின் எந்தச் சுவரில் எத்தனை மணிக்கு வெயில் விழுமோ, அத்தனை மணிக்கு அந்தச் சுவரின் முன்னால் நிற்க வேண்டும். அதுதான் திட்டத்தின் உயிர். அவளுடைய கோழிக் கிறுக்கலைப் படித்துத் தட்டச்சு செய்யக்கூடிய ஒரே ஆள், பள்ளி அலுவலகத்தில் அந்த வேலையே பார்த்து ஓய்வு பெற்ற டோரீன்.

அந்த டோரீன்தான் போன கூட்டத்தில் மானத்தை வாங்கினாள். ரோவெனா திரையில் படங்களைக் காட்டி முடித்து, "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்றபோது கையைத் தூக்கினாள்.

"அந்த ஊர்ல எல்லாம் துணி எந்தப் பக்கம் காயும்?"

ஆலிஸ்டரின் மனைவிக்குச் சிரிப்பில் தேநீர் புரையேறியது.

"தாயே, நாம பாக்கப் போறது தேவாலயம். துணிக்கொடி இல்ல!" என்றாள் ரோவெனா.

டோரீனும் சேர்ந்துதான் சிரித்தாள். கேட்ட கேள்விக்கு மட்டும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

கதவு திறந்தது. ஒரு கையில் தேங்காய்த்துருவல் போர்த்திய லாமிங்டன் கேக் தட்டும், அக்குளில் காகிதக் கட்டுமாக டோரீன் நுழைந்தாள். பின்னாலேயே ஆலிஸ்டரின் மனைவி.

"ஆளுக்கு ஒரு பிரதி அடிச்சுட்டேன் ரோவெனா. ஒரு தடவை பாத்துடுறியா?"

"நான் எழுதினதை நானே எதுக்குப் பாக்கணும்? எல்லாருக்கும் குடு."

எல்லோரும் அமர்ந்ததும் ரோவெனா எழுந்து நின்றாள். உட்கார்ந்து பேசும் பழக்கம் அவளுக்கில்லை.

"ரெண்டு விஷயம். முதல்ல திட்டம். ரெண்டாவது, யார் யார் வர்றோம்ங்கிறது."

இரண்டாவதைச் சொல்லும்போது அவள் கண்கள் டோரீனிடம் நின்றன. கேக்கைத் தட்டில் வைத்துக்கொண்டிருந்த டோரீனின் கையும் நின்றது. மடியிலிருந்த கைப்பையை, பாஸ்போர்ட் உள்ளே இருந்த அந்தப் பையை, மெல்ல நெஞ்சோடு இழுத்துக்கொண்டாள்.

ஆலிஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாள்களைப் புரட்டினார். மறுபடி முதலிலிருந்து புரட்டினார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"தோத்துட்டேன், ரோவெனா!"

"என்னது?"

"உன்னை இதுல மாட்டி விடலாம்னே வந்தேன். நான் முதல் தடவை வியன்னா போனப்ப, மத்தியானம் வெயில் விழும்னு ஒரு மாளிகையோட வடக்குச் சுவருக்கு முன்னால கேமராவோட ஒன்றரை மணி நேரம் நடுங்கிக்கிட்டு நின்னேன். நம்ம ஊர்ல சூரியன் வடக்கால போகுது. அங்க தெற்கால போகும்னு இந்த மண்டையில உறைக்கவே இல்ல. இங்க பொறந்தவன் எவனும் இதுல வழுக்காம இருந்ததில்ல. நீ ஒரு எடத்துல கூட வழுக்கல! பத்தொன்பது கட்டடம், பத்தொன்பதுலயும் 'நண்பகல், தெற்குச் சுவர்'!"

ரோவெனா தன் பிரதியைப் பார்த்தாள். தெற்கு. பக்கத்தைத் திருப்பினாள். தெற்கு.

மேசைக்கடியில் கைப்பையைத் திறந்து, தன் கையால் எழுதிய தாளின் நகலை விரித்தாள். நண்பகல், வடக்குச் சுவர். நண்பகல், வடக்குச் சுவர். 'வெயில் வேண்டுமா, வடக்கே திரும்பு' என்று நாற்பது ஆண்டுகள் மாணவர்களுக்கு ஓதிய கை, பத்தொன்பது இடத்திலும் பிசகாமல் அதையே எழுதியிருந்தது.

"இது கூடத் தெரியாமலா இத்தனை வருஷம் பாடம் எடுத்தேன்?" என்றாள்.

"அதானே!" என்றாள் டோரீன். "அவ எழுதிக் குடுத்தா, நான் அப்படியே அடிச்சேன்."

ஆலிஸ்டர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அந்த ரெண்டாவது விஷயம்?"

ரோவெனா கைப்பையை மூடினாள்.

"எல்லாரும்தான் போறோம். டோரீனும்தான். டைப் அடிக்க ஒரு ஆள் வேணுமில்ல?"

டோரீன் லாமிங்டன் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். அப்படியே குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"துணி காயப்போடவும் வேணும், ரோவெனா. அங்க தெற்குப் பக்கம்தான் காயுமாம். அன்னிக்கு நீங்க யாரும் சொல்லல, நானே விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன்."