இடதுபக்க விளக்கு

மனைவி தபால்காரரைப் பார்த்துச் சிரித்தாலே இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் மகானுபாவர் அந்த டிரைவர். பழைய பிக்கப் வண்டியின் மங்கிய முகப்பு விளக்குகளில் வலதைத் தேய்த்துத் தேற்றினார். தேறாத இடதுக்குப் பதிலாக, பழைய இரும்புக் கடையில் கிடைத்த ஒன்றைப் பொருத்தினார். வெளிச்சம் விழும் உயரத்தைக் குறிக்க, மனைவியை ஷெட்டுச் சுவரருகே நிறுத்தினார்.

வலதைச் சாக்கால் மூடிவிட்டு, சீட்டில் ஏறி உட்கார்ந்து விளக்கைப் போட்டார். சுவரில் அவள் நிழல் விழுந்தது. அவளருகே யாருமில்லை; ஆனால் அதன் தோளில் கைபோட்டபடி ஓர் உயரமான ஆணின் நிழலும் விழுந்தது.

"யாருடி அவன்?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"தெரியாதவனா தோள்ல கை போடுவான்? இந்த விளக்கை இப்பவே கழட்டுறேன்!"

அவள் திரும்பிச் சுவரைப் பார்த்தாள்.

"கொஞ்சம் இருங்களேன், ஏன் பறக்குறீங்க?"

அவள் கைகள் இரண்டும் கீழேதான் இருந்தன. நெற்றியில் விழுந்திருந்த முடி மெல்லக் காதோரம் ஒதுங்கியது.