ஊசி ரோலர்

“பருத் தழும்பு மறையும்னு நீங்க குடுத்த ஊசி ரோலர், முகமெல்லாம் சீழ்க் கொப்புளமாக்கிடுச்சு! நாளன்னிக்கு இவளுக்கு வேலைக்கு இன்டர்வியூ!” டாக்டரிடம் எகிறினார் கணவர்.

சளி என்று ஒரு வாரமாகப் போட்டிருந்த கம்பளித் தொப்பிக்குள் விரலை விட்டுச் சொறிந்துகொண்டே மனைவியிடம் திரும்பினார். “இந்த வயசுல அழகு ஒரு கேடா?”

அவள் அவமானத்தில் தலைகுனிந்தாள்.

“ரோலரைச் சுத்தம் பண்றீங்களாம்மா?” டாக்டர் கேட்டார்.

“ஒவ்வொரு தடவையும் ஸ்பிரிட்ல கழுவித்தான் வைப்பேன் டாக்டர்.”

“அது தோல்ல பொடிப்பொடியா துளை போடும். ஒருத்தரோட கிருமி இன்னொருத்தருக்கு நேரா உள்ளே போயிடும். வேற யாராவது எடுத்தாங்களா?”

“வீட்டுல நாங்க ரெண்டே பேர்தான். இவருக்கு அதைக் கண்டாலே ஆகாது. பாவம், இவரைச் சந்தேகப்படாதீங்க.”

கணவரின் விரல் மறுபடியும் தொப்பிக்குள் போனது.

“சார், தொப்பியைக் கழட்டுங்க.”

கழற்றினார். வழுக்கையில் வரிசை வரிசையாக அதே கொப்புளங்கள்.

“முடி வளரும்னு... யாரோ சொன்னாங்க...”

வெட்கத்தில் அவர் தலை தாழ்ந்தது. கொப்புளங்கள் இன்னும் நன்றாகத் தெரிந்தன.

மனைவி முதல்முறையாக நிமிர்ந்தாள்.

“அந்தத் தொப்பியை இப்படிக் குடுங்க. நாளன்னிக்கு நான் மூஞ்சிக்கு மாட்டிக்கிட்டுப் போறேன்.”