முயல் சொன்ன அளவு

பனிமலை அடிவாரத்தில் ஒரு நீர்நாய் சறுக்குப்பலகைக் கடை வைத்திருந்தது. காலைப் பலகையோடு சேர்த்துக் கட்டும் பட்டை வாங்க அங்கே ஒரு முயல் வந்தது. தன் பாதம் பெரிது என்பதில் அதற்கு எப்போதும் ஒரு கூச்சம்.

"போட்டு நின்னு பாருங்க" என்றது நீர்நாய்.

"வேண்டாம், எனக்குச் சின்ன அளவுதான்" என்று சொல்லி, முயல் ஒரு ஜோடியை வாங்கிக்கொண்டு போய்விட்டது.

மலையுச்சியில் பல்லைக் கடித்துக்கொண்டு காலைத் திணித்துப் பட்டையை இறுக்கியது. பாதி வழி இறங்குவதற்குள் பாதம் இரண்டும் மரத்துப்போயின. வளைவில் திரும்ப முயன்றது. கால் சொன்னபடி கேட்கவில்லை. பலகை நேரே பள்ளத்தை நோக்கிப் பாய்ந்தது. விளிம்பில் நின்ற தேவதாரு மரத்தில் மோதியதால்தான் முயல் உயிர் தப்பியது.

பட்டையைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, நொண்டிக்கொண்டே கடைக்குத் திரும்பியது.

"பெரிய அளவில் ஒரு ஜோடி குடுங்க" என்றது. கடையில் வேறு யாரும் இல்லை. ஆனாலும் குரலைத் தாழ்த்தி, "எனக்கில்லை, எங்க அக்காவுக்கு" என்றது.

நீர்நாயின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கால் அளக்கும் கட்டையை எடுத்துத் தரையில் வைத்தது.

"அதுக்கென்ன, அக்கா காலைக் கொஞ்சம் இதுமேல வைங்க."