சட்டையோடு ஒரு நீச்சல்

“சட்டையோட குளத்துல இறங்கலாமா, மாஸ்டர்?” என்று கேட்டாள் அந்த இளம்பெண்.

விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்த நீச்சல் மாஸ்டர் நிமிர்ந்தார். “ஏம்மா, அவ்வளவு கூச்சமா?”

“நெஞ்செலும்பு உள்ள அமுங்கி, நடுவுல பள்ளமா இருக்கும். பிறவியிலேயே அப்படித்தான். யாராவது சிரிச்சிடுவாங்களோன்னு வீட்டுலகூட சட்டையைக் கழட்டறதில்ல.”

“மூச்சு வாங்குமா?”

“மாடிப்படி ஏறினா வாங்கும். நேத்து ஸ்கேன் பாத்துட்டு, இதயமும் நுரையீரலும் நல்லா இருக்கு, தாராளமா நீந்தலாம்னு டாக்டர் சொல்லிட்டார். ஆனா இங்க ஒருத்தர் சிரிச்சாலும் போச்சு. அப்புறம் தண்ணிப் பக்கமே கூட்டிட்டு வர முடியாது.”

“எவன் சிரிக்கிறான்னு நானும் பாக்கறேன். சட்டையோடயே வரட்டும். குழந்தைங்க வகுப்பு காலைல ஏழு மணிக்கு. பையனுக்கு என்ன வயசு?”

“அம்பத்திரண்டு.”

மாஸ்டரின் பேனா அப்படியே நின்றது.

“எங்க அப்பா, மாஸ்டர். உள்ள வர வெக்கப்பட்டுக்கிட்டு வாசல்லயே நிக்கிறார்.”

முதல் மூன்று நாளும் அப்பா கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டுதான் தண்ணீரில் இறங்கினார். நான்காம் நாள் சட்டை பலூனாக உப்பி முகத்தை மூடியது. “சனியன், நீந்தவே விடமாட்டேங்குது!” என்று அவரே கழற்றிக் கரையில் வீசினார். மல்லாந்து மிதந்தார். நெஞ்சுப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கிப் பளபளத்தது.

மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள்.

“இங்க பாரும்மா!” என்று குளமே அதிரக் கத்தினார் அப்பா. “எல்லாருக்கும் ஒரு குளம்தான். எனக்கு மட்டும் ரெண்டு!”

முதலில் சிரித்தவரும் அவர்தான்.